கோன் கேட்ட பொம்மை

அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தையிலேயே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருந்த காலம் அது. எண்பதுகளின் கடைசி. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு ஷெட் போட்டு, பனியன் வெட்டித் தைத்து, பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஷெட்டை ஒட்டி எங்களுடைய பழைய வீடு ஒன்று சும்மா கிடந்தது. அதை மூன்று கன்னியாஸ்திரீகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவர்களில் நடுவயதுக்காரர் ஒருநாள் காலையில் ஷெட் வாசலில் வந்து நின்றுகொண்டு, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார்.

திருப்பூரில் அண்ணாச்சி என்றால் பலசரக்குக் கடைக்காரர். தெற்கேயிருந்து வந்து தெருவுக்கு ஒரு கடை போட்டிருந்தார்கள். பதினாறு மெஷின், முப்பத்திநாலு பெண்கள், வாசலில் பெயர்ப் பலகை எல்லாம் வைத்திருக்கிற ஒருவனைப் பார்த்து அண்ணாச்சி என்றால் எப்படி இருக்கும்?

"இங்க பருப்பு விக்கறதில்லீங்க" என்றேன்.

"பருப்பு மடத்துல இருக்கு. எனக்கு உங்க கட்டிங் வேஸ்ட் கொஞ்சம் வேணும். காலி கோன் இருந்தா அதுவும்."

கோன் என்பது தையல் நூலைச் சுற்றி வருகிற காகிதக் கூம்பு. நூல் தீர்ந்ததும் அது மிஞ்சும். மூலையில் குவிந்து கிடக்கும்.

"எதுக்குங்க?"

"பொம்மை செய்ய."

"பொம்மை காட்டி மதம் மாத்தறதுக்குங்களா?" என்று கேட்டே விட்டேன். மனதில் பட்டதைக் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை நான்.

அவர் கொஞ்சமும் முகம் சுளிக்கவில்லை. "வேஸ்ட்டை மட்டும் தாங்க அண்ணாச்சி. மதத்தை நீங்களே வச்சுக்கிடுங்க" என்றார். செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்த பெண்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அங்கேயே இருந்த என் மனைவி சாந்தாமணி குனியக்கூட இல்லை, நேராகவே சிரித்தாள். நான் ஒரு மூட்டை வேஸ்ட்டைத் தூக்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. மூவரில் மூத்தவர் மதர். இன்னொருவர் ஊசி போடுகிற சிஸ்டர். வெறுமனே சிஸ்டர் என்றால் அது இவர்தான். தூத்துக்குடிப் பக்கம். கறுத்து, உயரமாக, எப்போதும் புடவையில் எங்காவது நூல் ஒட்டியிருக்கும். தலையில் போட்டிருக்கும் முக்காட்டின் ஓரத்தில் இரண்டு ஊசி குத்தி வைத்திருப்பார். ஜெபமாலையை ஒரு கையிலும் பாதி தைத்த பொம்மையை மறு கையிலும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

பொம்மை என்றால் கையுறை போல மாட்டிக்கொண்டு ஆட்டுகிற பொம்மை. பனியனுக்கு வெட்டி மிஞ்சிய கைத்துண்டுதான் உடம்பு. காலி கோனின் நுனியை வெட்டிக் கழுத்தாக வைத்து, அதன்மேல் வேஸ்ட்டை உருட்டித் தலை. நாங்கள் ஒதுக்கிய பட்டன்கள் கண். எங்கள் ஷெட்டில் அந்த மாதம் என்ன கலர் ஓடுகிறது என்பதை அந்தப் பொம்மைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு முறை மெரூன் ஆர்டர் வந்தது. அந்த வருஷம் மாதாகோயில் கிறிஸ்துமஸ் விழாவில் யோசேப்பு, மாடு, வானதூதர் எல்லோரும் மெரூன்.

இதில் நான் முதலில் புரிந்துகொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. அவர் பொம்மையாட்டம் நடத்துகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நடத்தியதே இல்லை. பொம்மையைச் செய்து, இரண்டு கம்பு நட்டு, சாயம் போடாத பனியன் துணி ஒன்றைத் திரையாகக் கட்டிவிட்டு, யார் கையிலாவது பொம்மையை மாட்டிவிட்டுப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கமாட்டார்.

"நான் ஒரு வரி எழுதுறதில்ல அண்ணாச்சி. கையைப் போட்டவங்க பேசுவாங்க" என்பார்.

ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தார். திரைக்குப் பின்னால் பேசினது யாரென்று ஆட்டம் முடிந்தபின் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த வாரம் பொம்மை வராது.

எங்கள் தெருக் குழாயடியில் இரண்டு பெண்கள் நாலு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தார்கள். குடத்தை முன்னால் வைத்ததில் ஆரம்பித்த சண்டை. சிஸ்டர் ஒரு நாள் திரையைக் குழாய்க்குப் பக்கத்திலேயே கட்டிவிட்டார். இரண்டு பொம்மைகள் குடத்துக்காக அடித்துக்கொண்டதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. நடுவில் ஒரு பொம்மை, "அன்னைக்கு எம்பட புள்ளைக்குக் காச்சலுங்க, அதான் முந்துனேன்" என்றது. அவ்வளவுதான். ஆட்டம் அப்படியே நின்றுபோய், திரைக்குப் பின்னாலிருந்து மூக்குச் சிந்துகிற சத்தம்தான் கேட்டது. யார் யாரென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அந்த இரண்டு குடமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

மதருக்கு இதெல்லாம் பிடித்தமில்லை. சிஸ்டருக்கு மடத்தில் கொடுத்த வேலை ஞாயிறு மறைக்கல்வியும் வீடு வீடாகப் போய் ஜெபிப்பதும்தான். பொம்மை அவராகப் பிடித்துக்கொண்டது. அதனால் ஒரு நாள் சிஸ்டர் மதர் கையிலேயே பொம்மையை மாட்டிவிட்டாராம். மதர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இந்த மடத்துல குழம்புக்கு உப்பே போடமாட்டேங்கறாங்க" என்றாராம். சாந்தாமணி என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இவளுக்கும் சிஸ்டருக்கும் அதற்குள் அப்படி ஒரு நெருக்கம். மடத்துக்குக் கருவேப்பிலை வாங்கப் போனால் அரை மணி நேரம் கழித்துத்தான் வருவாள்.

"இதுல சாமி எங்கீங்க இருக்குது?" என்று நான் ஒரு முறை சிஸ்டரைக் கேட்டேன். நக்கலாகத்தான் கேட்டேன்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "எங்க ஆண்டவர் நோயாளிய சொஸ்தமாக்கினாரு, செத்தவன எழுப்பினாரு. அதெல்லாம் என்னால ஆகாது. பேசாதவன ஒருத்தனப் பேச வச்சாரு பாருங்க, அதை மட்டும் நான் எடுத்துக்கிட்டேன்."

இனி என் பெருமையையும் சொல்லியாக வேண்டும்.

முப்பத்திநாலு பெண்கள் வேலை செய்கிற இடத்தில் பாத்ரூம் போவது என்பது ஒரு பெரிய தலைவலி என்று அன்றைக்கு எல்லா ஓனர்களும் சொல்வோம். ஒருத்தி எழுந்தால் கூடவே இன்னொருத்தி எழுவாள், பேசிக்கொண்டே போவார்கள், பேசிக்கொண்டே வருவார்கள். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மஞ்சள் நிறக் காலி கோன் ஒன்றை என் மேஜைக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினேன். பாத்ரூம் போகிறவள் என்னிடம் கேட்டு அந்தக் கோனை எடுத்துப் போக வேண்டும். திரும்பி வந்து மாட்டிய பிறகுதான் அடுத்தவள். ஒரே கோன். அக்கம்பக்கத்து ஷெட்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அவரவர் ஷெட்டிலும் ஒரு கோன் மாட்டினார்கள். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

நான் யாரையும் திட்டியதில்லை. கோபக்காரன்தான், ஆனால் வேலைக்கு வருகிற பெண்களிடம் ஒரு சுடுசொல் சொன்னதில்லை. கோன் கேட்டால், "தாராளமாப் போலாமுங் கண்ணு. இந்தக் கட்டு மட்டும் முடியட்டும்" என்பேன். கட்டு என்றால் நூறு பீஸ். சாந்தாமணி இரண்டு தடவை என்னிடம், "அந்தக் கோனக் கழட்டிப் போடுங்க மாமா. புள்ளைக பாவம்" என்றாள். "உனக்கு வியாபாரம் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை அவள் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நானே போய் சிஸ்டரைக் கூப்பிட்டேன். மற்ற கம்பெனிகளில் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். நமக்கு அவ்வளவு வசதி இல்லை. பொம்மையாட்டம் என்றால் புதுசாகவும் இருக்கும், செலவும் இல்லை. எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியின் மேனேஜரையும், ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், நாலைந்து பேரையும் வரச்சொல்லியிருந்தேன்.

மெஷின்களையெல்லாம் எண்ணெய் போட்டுத் துடைத்து, மாலை போட்டு, கத்திரிக்கோல், அளவு டேப், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். கடைசியாக என் கண் அந்த மஞ்சள் கோன்மீது போனது. அதுவும் கம்பெனிக்கு உழைக்கிற சாமான்தானே என்று தோன்றியது. ஆணியிலிருந்து எடுத்து, மூன்று விரலால் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, கத்திரிக்கோலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கற்பூரம் காட்டினேன். பிறகு பயபக்தியோடு மறுபடியும் ஆணியில் மாட்டினேன். முப்பத்திநாலு பெண்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்புறம் நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தோம். திரை கட்டியாயிற்று. சாந்தாமணி பொரி கலக்கப் போயிருந்தாள். சிஸ்டர் எங்கே என்று நான் பார்க்கவில்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தார் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

திரைக்கு மேலே பச்சைத் தலை வைத்த ஒரு வேலைக்காரிப் பொம்மை வந்தது. எதிரில் வெள்ளைச் சட்டை போட்ட முதலாளிப் பொம்மை. தோளில் துண்டு. சட்டைப் பையில் என்னுடையதைப் போலவே ஒரு சிவப்பு டைரி.

"மொதலாளி, கோன் வேணுமுங்க" என்றது பச்சைத் தலை.

"தாராளமாப் போலாமுங் கண்ணு. இந்தக் கட்டு மட்டும் முடியட்டும்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பச்சைத் தலை போய் விழுந்து விழுந்து தைத்தது. திரும்பி வந்தது.

"கட்டு முடிஞ்சுதுங்க."

"அடடா, தங்கமான புள்ள! இப்பத்தான் ஒருத்தி கோனக் கொண்டு போனா. வந்ததும் மொத கோன் உனக்குத்தான் சாமி."

பச்சைத் தலை ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே போய் மறுபடியும் வந்தது. "கோன் வந்துருச்சுங்களா?"

"வந்துச்சு கண்ணு. ஆனா மணி என்னன்னு பாரு. டீ வர்ற நேரம். சித்த இருந்து டீயக் குடிச்சுப்போட்டே போயேன்."

"டீ வேண்டாமுங்க சாமி! குடிச்சா மறுக்காவும் கோன் கேக்கோணும்!"

ஷெட்டே அதிர்ந்தது. மேனேஜர் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஒறம்பரைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். பச்சைத் தலை கடைசியாகச் சுவர்ப் பக்கம் திரும்பி, சந்தனமும் குங்குமமுமாகத் தொங்கிய கோனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியது. "கோன் சாமி, நீயாவது கண்ணத் தொறக்கோணும்" என்றது.

நான் எழுந்து நின்றேன். காது மடல் எரிந்தது. "எல்லாரும் பொரி வாங்கிக்கிட்டுக் கெளம்பலாமுங்க" என்றேன். அந்தக் கோபத்திலும் என் பேச்சில் மரியாதை குறையவில்லை.

மறுநாள் காலையில் மடத்துக்குப் போனேன். மதரும் சிஸ்டரும் இருந்தார்கள்.

"எம்பட ஷெட்டுல வந்து, எம்பட ஒறம்பரைக முன்னால, என்னயவே கேவலப்படுத்திட்டீங்க. மொதலாளியாட்டப் பேசுனது நீங்கதானுங்களே?" என்று சிஸ்டரைக் கேட்டேன்.

"யாரு பேசினாங்கன்னு மட்டும் கேக்காதிய அண்ணாச்சி."

"அப்ப நீங்கதான்."

மதர் சிஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நான்னே வச்சுக்கிடுங்க" என்றார் சிஸ்டர்.

தூத்துக்குடிக்காரருக்கு அந்தக் 'கண்ணு'வும் 'சாமி'யும் அவ்வளவு பதமாக வராது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். கோபக்காரனுக்குக் காது வேலை செய்யாது. நான் மதர் பக்கம் திரும்பி, "இந்த மாசத்தோட ஊட்டக் காலி பண்ணிக் குடுங்க. இல்ல, இந்தம்மா போறதா இருந்தா நீங்க ரெண்டு பேரும் இருந்துக்கலாம். ரெண்டுல ஒண்ணு" என்றேன்.

மதர் அவர்கள் தலைமை மடத்துக்குக் கடிதம் எழுதினார். பத்துப் பன்னிரண்டு நாளில் பதில் வந்தது. சிஸ்டருக்கு மாற்றல். எங்கோ மலையடிவாரத்து விடுதி ஒன்றில் சமையல் பார்க்கிற வேலை. கீழ்ப்படிவேன் என்று வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், ஏன் என்று கேட்கமாட்டார்களாம். நான் ஜெயித்துவிட்டேன். கோன் ஆணியிலேயே தொங்கியது, குங்குமம் காய்ந்து உதிர்ந்துகொண்டு.

அந்த வாரத்தில்தான் ருக்குமணி வேலைக்கு வரவில்லை. மங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். புருஷன் அங்கே தறி ஓட்டுகிறான். என் ஷெட்டில் ஓவர்லாக் மெஷினில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூன்றாம் நாள் சாந்தாமணி சொன்னாள், ருக்குமணி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று.

அன்று மத்தியானம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். உள்ளதைச் சொல்கிறேன், அவள் எப்போது வேலைக்கு வருவாள் என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். ஷிப்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பச்சைத் தலை. அதன் ஒரு கண் பட்டன் தொங்கிப் போயிருந்தது, தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ருக்குமணி எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"ஷிப்மென்ட் டயத்துல இப்புடி ஆயிப்போச்சுங்கண்ணா. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. என்னாச்சு?"

"கிட்னில சீழ் வெச்சிருச்சாமுங்க. தண்ணியே குடிக்காம இருந்துருக்கறேன்னு டாக்டரம்மா வையறாங்க."

"ஏங் கண்ணு, தண்ணி குடிக்கறதுக்கென்ன? டிரம்முல எந்நேரமும் ஊத்தித்தான வெச்சிருக்குது?"

"காத்தால ஒரு டம்ளர் காப்பியோட சரிங்கண்ணா. அப்பறம் ஊட்டுக்குப் போய்த்தான். குடிச்சாத்தான கோன் கேக்கோணும்?" என்றாள். அவள் குறை சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். "அவசரத்துக்குக் கேட்டா உங்களுக்குச் சங்கடம். கேக்காமயே இருந்துட்டா ஒரு தொந்தரவும் இல்லீங்களே."

எனக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் ஆளே கிடைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதாக, வெளியே வந்தபின் அவள் புருஷன் சொன்னான். நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது சிஸ்டர் பின்னாலேயே வந்தார். கண் தைத்து முடித்திருந்த பச்சைத் தலையை என் கையில் கொடுத்தார்.

"நாளைக் காலைல ஆறரை பஸ்ல நான் போறேன் அண்ணாச்சி. இது உங்க வேஸ்ட்ல செஞ்சது. உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நான் வெச்சு என்னங்க பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒரு தடவ கையை மட்டும் உள்ள போட்டுப் பாருங்க."

அவ்வளவு பெரிய கெடுதல் செய்தவனை ஒரு சொல்லால்கூடக் குத்திக் காட்டவில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு வாய் திட்டியிருந்தால் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தேன். சாந்தாமணி சமையல் கட்டில் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் நின்று, யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பொம்மைக்குள் கையை விட்டேன். கோனுக்குள் ஆள்காட்டி விரல் போய் உட்கார்ந்தது. பச்சைத் தலை ஆடியது. அந்தத் தலையை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். தைத்துக் கொடுத்த பட்டன் கண்ணால் என்னையே பார்த்தது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. அந்தப் பொம்மைக்கு எனக்குத் தெரிந்த வசனம் ஒன்றே ஒன்றுதான்.

சமையல் கட்டு வாசலில் போய் நின்று, கையை நீட்டி, தொண்டையைச் சின்னதாக்கிக்கொண்டு சொன்னேன்.

"மொதலாளி, கோன் வேணுமுங்க."

அவள் திரும்பவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "தாராளமாப் போலாமுங் கண்ணு. இந்தக் கட்டு மட்டும் முடியட்டும்" என்றாள்.

அதே குரல். ஆயுத பூஜையன்று திரைக்குப் பின்னாலிருந்து வந்த அதே குரல். என் குரல்.

கரண்டி நின்றுவிட்டது. என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பினாள். என்னையும் என் கையிலிருந்த பொம்மையையும் பார்த்தாள். தோசை கருகுகிற வாசம் வந்தது. இரண்டு தடவை வாயால் சொல்லி நான் கேட்காததை மூன்றாம் தடவை அவள் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். அதற்காக இன்னொருத்தர் தன் தலையைக் கொடுத்திருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் கோபம் வந்திருக்க வேண்டிய இடத்தில் வராமல் போனது அன்றைக்குத்தான். வெட்கம்தான் வந்தது.

"தோசை கருகுது" என்றேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

காலையில் ஆறு மணிக்கெல்லாம் ஷெட்டைத் திறந்து, ஆணியிலிருந்த கோனை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மடத்துக்குப் போனேன். வாசலில் ஒரு தகரப் பெட்டியும் துணிப்பையுமாக சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். சாந்தாமணி எனக்கு முன்பே அங்கே வந்து, எலுமிச்சஞ்சோற்றுப் பொட்டலத்தை அவர் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மதர் எந்திரிச்சுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"அன்னைக்குப் பேசுனது நீங்க இல்லீன்னு சொல்லோணும். யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. சொன்னா அவுங்க மறுபடி எழுதிப் போடுவாங்க. நீங்க இங்கயே இருக்கலாம்."

அவர் சாந்தாமணியைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். முதல்முறையாக அவர் குரல் கடுமையாக இருந்தது.

"சொல்லப்படாது. இன்னைக்கு நீங்க ஒரு பேரைச் சொன்னா, நாளைக்கு எவளும் திரைக்குப் பின்னால வரமாட்டா. நான் போனா இன்னொரு சிஸ்டர் வருவா. அவ கட்டுற திரைக்குப் பின்னாலயும் ஆள் வரணும்."

மதரிடம் நான் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறாயே என்று கேட்கலாம். சாந்தாமணியிடம் கேட்டு, அவள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாப்புக்கு மூன்று பேரும் நடந்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். முப்பத்திநாலு பேரிடம் மரியாதை மரியாதையாகப் பேசிய வாயிலிருந்து அந்த ஒரு சொல் வரவில்லை. பஸ் வந்தது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் சட்டைப் பையிலிருந்த மஞ்சள் கோனை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"இனி இது ஷெட்டுக்கு வேண்டாமுங்க. உங்க பொம்மைக்காச்சும் ஆகும்."

வாங்கிப் பார்த்தார். ஓரத்தில் சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முக்காட்டின் நுனியால் அதைத் துடைக்கப் போனவர், துடைக்காமல் விட்டுவிட்டார். ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு அதை நிமிர்த்தினார். தலையில்லாத அந்தக் கோன் என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டது.

"மொதலாளி, நான் போயிட்டு வரட்டுங்களா?" என்றது.

டிரைவர் கியர் போட்டுவிட்டான். பக்கத்தில் சாந்தாமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நான் பஸ் இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று கத்திச் சொன்னேன்.

"போங்க கண்ணு! இதுக்கெல்லாம் யாரையும் கேக்க வேண்டியதில்லீங்க!"